அண்டார்டிக்காவுக்கு ஜெனரேட்டர் மெக்கானிக்காகப் போகலாமா, டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர் சார். எனக்கு 32 வயது. ஐடிஐ-யில் டீசல் மெக்கானிக் முடித்துவிட்டு ஓசூரில் ஒரு ஜெனரேட்டர் சர்வீஸ் கம்பெனியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். அண்டார்டிக்காவில் உள்ள இந்திய நிலையங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் ஜெனரேட்டர் மெக்கானிக் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு பார்த்தேன். சம்மர் டீம் என்றால் நாலு மாதம்போல, வின்டர் டீம் என்றால் ஒரு வருடத்துக்கு மேல் என்கிறார்கள். வின்டர் போனால் வீட்டுக் கடனில் பெரும்பகுதி அடைந்துவிடும். குளிர் தாங்குமா, உடம்புக்கு என்ன ஆகும், சாப்பாடு எப்படி, விஞ்ஞானிகளுக்கு நடுவில் என்னைப் போன்ற ஆளை மதிப்பார்களா, திரும்பி வந்தால் வேலை இருக்குமா? மகளுக்கு மூன்று வயது. மனைவி ‘உங்க இஷ்டம்’ என்கிறாள். அப்பாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், நான்தான் பைக்கில் கூட்டிப் போகிறேன்.
பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

தம்பி, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பேசலாம். சம்மருக்கு விண்ணப்பம் போடுங்கள். வின்டருக்கு இந்த முறை போடாதீர்கள். அங்கே இருக்கும் நம் நிலையங்களில், நான் ஒரு வின்டர் மைத்ரியிலும், பிறகு ஒரு சம்மர் பாரதியிலும் நிலைய டாக்டராக இருந்தவன், அதனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரியும். ஏதோ நாலு மாதம், பதினாலு மாதம் என்ற கணக்கு மட்டும் இல்லை அது.

குளிர் தாங்குமா என்கிறீர்கள். எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான், இதில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. நீங்கள் செய்தியில் படிக்கிற மைனஸ் 89.2 டிகிரி 1983 ஜூலையில் ரஷ்யர்களின் வஸ்தோக் நிலையத்தில் பதிவானது, அது கண்டத்தின் உள்ளே, மூன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற இடம். நம் மைத்ரி இருப்பது ஷிர்மாக்கர் பாறைத் திட்டில், பாரதி இருப்பது லார்ஸ்மன் குன்றுகளில், கடலை ஒட்டி. இரண்டும் வெறும் பாறை தெரிகிற இடங்கள். டிசம்பர், ஜனவரியில் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும், வெயில் அடித்து காற்று நின்றுவிட்டால் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஸ்பானர் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உடுப்பு எல்லாம் கொடுத்துவிடுவார்கள். போவதற்கு முன் உத்தராகண்டில் ஆலி என்ற இடத்தில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் பயிற்சி உண்டு, பனியில் நடப்பது, பிளவில் விழுந்தவரைக் கயிறு போட்டு எடுப்பது எல்லாம் அங்கேயே பழகிவிடும். குளிரைவிடக் காற்றுதான் ஆளை அடிக்கும். பனிப்புயல் வந்தால் நீட்டிய கை தெரியாது, இருபது அடி தள்ளி இருக்கும் கன்டெய்னருக்குப் போகக்கூடக் கட்டி வைத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் வந்தது குளிருக்காக இல்லை, வறட்சிக்காக. காற்றில் ஈரமே கிடையாது. விரல் நுனி எல்லாம் பிளேடால் கீறியது மாதிரி வெடித்துப் போகும், அதோடு நட்டு போல்ட்டைப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெய் என் அறை அலமாரியில் பதினாலு மாதமும் கல்லாகவே கிடந்தது, 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பது படித்த எனக்கே அங்கே போய்த்தான் உறைத்தது. வாஸலீன் எடுத்துப் போங்கள், பெரிய டப்பாவாக. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிக்கும், பயப்பட வேண்டாம், அது உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம், ஆனால் எரிபொருள் பக்கத்தில் வேலை செய்கிறவர் அதைச் சாதாரணமாக விடக் கூடாது. அப்புறம் கறுப்புக் கண்ணாடி. பனியில் பட்டுத் திரும்புகிற வெயில் கீழிருந்து ஏறும், மூக்குத் துவாரத்துக்குள்ளும் தாடைக்கு அடியிலும் வெந்துபோகும். ‘கொஞ்ச நேரம்தானே’ என்று கண்ணாடி இல்லாமல் ஒரு மத்தியானம் வெளியே நின்ற ஒருவருக்கு இரண்டு நாள் கண்ணைக் கட்டி வைத்திருந்தேன், கண்ணுக்குள் மணல் கொட்டியது போல் வலி.

மதிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். மைத்ரியில் குளிர்காலத்தில் இருப்பவர்கள் இருபத்தைந்து பேர்போல, அதில் கணிசமானவர்கள் மெக்கானிக், எலக்ட்ரிஷியன், பிளம்பர், வெல்டர், வண்டி ஓட்டுகிறவர், சமையல்காரர். ஓசூரில் ஒரு ஜெனரேட்டர் நின்றால் ஃபேக்டரி மேனேஜர் உங்களுக்கு ஃபோன் போட்டுக் கத்துவார், அவ்வளவுதான். அங்கே நின்றால் வெளிச்சம் போகும், சூடு போகும், ஏரியிலிருந்து தண்ணீர் வருகிற குழாய் உறையும், ரேடியோ போகும், ஒன்றன்பின் ஒன்றாக. முதுகலை முடித்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இதில் பயமுறுத்துகிற பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அண்டார்டிக்காவில் ஆளைக் கொல்வதில் நெருப்புக்கு முக்கிய இடம் உண்டு. காய்ந்த காற்று, வீசுகிற காற்று, அணைக்கத் தண்ணீர் இல்லை. 2012 பிப்ரவரியில் பிரேசில் நாட்டின் கமாண்டன்டே ஃபெராஸ் நிலையம் எரிந்து போனது, இரண்டு பேர் இறந்தார்கள், தீ பிடித்தது ஜெனரேட்டர் இருந்த பகுதியில். 1982 ஏப்ரலில், நான் மேலே சொன்ன அதே வஸ்தோக்கில், மின்நிலையம் எரிந்து ஒரு மெக்கானிக் இறந்துபோனார். மீதிப் பேர் அந்தக் குளிர்காலத்தைக் கைக்குக் கிடைத்ததை வைத்து அடுப்பு செய்து, ஒரு கட்டடத்துக்குள் ஒண்டி, உயிரோடு கடந்தார்கள். அதனால் இன்டர்வியூவில் உங்களிடம் என்ன கேட்பார்களோ எனக்குத் தெரியாது, நான் கேட்பதாக இருந்தால் ஒழுகுகிற ஃப்யூயல் லைனைப் பார்த்தால் முதலில் என்ன செய்வாய் என்பதைத்தான் கேட்பேன். நம் ஊரில் கீழே ஒரு அட்டைப் பெட்டியைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். அங்கே ஒரு சொட்டு தரையில் விழுந்தாலும் எழுதி வைக்க வேண்டும், மண்ணோடு அள்ள வேண்டும். 1991-இல் மாட்ரிட்டில் போட்ட சுற்றுச்சூழல் ஒப்பந்தம், இப்போது நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு அண்டார்டிக் சட்டம் வேறு. பழைய எண்ணெய், ஃபில்டர், பேட்டரி எல்லாம் டிரம்மில் அடைத்து கப்பலில் திரும்ப ஏறும். பென்குயின் பக்கத்தில் போய் செல்ஃபி எடுக்கலாம் என்று நினைத்திருந்தால் அதையும் மறந்துவிடுங்கள், தள்ளித்தான் நிற்க வேண்டும்.

சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. அரிசி, பருப்பு, கோழி, உறைந்த காய்கறி எல்லாம் உண்டு, பச்சைக் கொத்தமல்லிக்கு மட்டும் ஏங்கிப் போவீர்கள். முறை போட்டு எல்லோரும் ஒரு நாள் கிச்சன் டியூட்டி பார்க்க வேண்டும், டீம் லீடருக்கும் விலக்கு கிடையாது. பாறைகளின் வயதைக் கணக்கிடுகிற ஒரு புவியியலாளர் அடிப்பிடித்த குக்கரை அரை மணி நேரம் தேய்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் சமையல்காரர் இட்லி மாவு புளிக்கவில்லை என்று இரண்டு முறை கொட்டிவிட்டு, மூன்றாவது முறை பாத்திரத்தைத் துண்டில் சுற்றி ஜெனரேட்டர் அறையில் கொண்டுபோய் வைத்தார், காலையில் பொங்கி வழிந்து கிடந்தது. அன்றிலிருந்து மெக்கானிக்கைக் கேட்காமல் எங்களுக்கு இட்லி கிடையாது.

இப்போது உடம்பு. மருத்துவப் பரிசோதனை கடுமையாகத்தான் இருக்கும், என் முறை டெல்லி எய்ம்ஸில் உடம்பையும் பார்த்தார்கள், மனதையும் பார்த்தார்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: எதையும் மறைக்காதீர்கள். எங்கள் டீமில் ஒருவர் சிறுநீரகக் கல் இருந்ததை மறைத்து வந்துவிட்டார். ஜூன் மாதம், அங்கே நடுக் குளிர்காலம், வெளியே பகலிலும் இருட்டு, உள்ளே அவர் தரையில் சுருண்டு கிடக்கிறார், அந்தக் கல் அடைத்துக்கொண்டால் என்னிடம் அதற்குக் கருவி இல்லை. ஊசி போட்டுவிட்டு ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சிறுநீர் கழிப்பதற்காகக் காத்திருந்தேன். நல்லவேளை, விடிகாலையில் இறங்கிவிட்டது, அதாவது கடிகாரப்படி விடிகாலை.

மைத்ரியிலிருந்து சில கிலோமீட்டரில் நோவோலாசரெவ்ஸ்கயா என்று ரஷ்ய நிலையம் இருக்கிறது. 1961 ஏப்ரல் 30 அன்று அங்கே லியோனிட் ரோகோசவ் என்ற 27 வயது டாக்டர், இருந்த ஒரே டாக்டர், தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார். மரத்துப்போக ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டு, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். கருவிகளை எடுத்துக் கொடுத்தவர் வானிலை ஆய்வாளர். வயிறு தெரியும்படி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் யார் தெரியுமா? ஒரு மெக்கானிக். இதைச் சொல்வது வீரக்கதைக்காக இல்லை. வெட்டத் தெரிந்தவருக்கே நோய் வந்தால் இதுதான் கதி, எனவே சொத்தைப் பல், ஞானப் பல், மூலம், குடலிறக்கம், எதுவாக இருந்தாலும் ஊரிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பல் டாக்டரை நாளைக்கே பாருங்கள். தூக்கம் வர ஒரு பெக் வேண்டும் என்கிற பழக்கம் இருந்தால், வெளிப்படையாகவே சொல்கிறேன், சம்மருக்குக்கூடப் போக வேண்டாம்.

சம்மரில் சூரியன் இறங்கவே இறங்காது, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுத் தூங்குவோம். வேலை அத்தனையும் அந்த மூன்று நான்கு மாதத்தில்தான், கப்பல் வரும், சாமான் இறங்கும், பனி விளிம்பிலிருந்து மைத்ரிக்கு நூறு கிலோமீட்டர் பிஸ்டன்புல்லி என்ற பனி வண்டியில் இழுத்து வர வேண்டும், யாருக்கும் யோசிக்க நேரம் இருக்காது. வின்டர் வேறு. பிப்ரவரி கடைசியில் கேப் டவுனுக்குப் போகிற கடைசி விமானம் கிளம்பும், அடுத்தது நவம்பரில்தான். மே கடைசியில் சூரியன் போனால் ஜூலை கடைசியில் எட்டிப் பார்க்கும். இருட்டை நான் எதிர்பார்த்துத்தான் போனேன். குளிர்காலத்தின் நடு நாளான ஜூன் 21 அன்று நிலையத்துக்கு நிலையம் வாழ்த்து அனுப்பிக்கொள்வார்கள், விருந்து, பாட்டு என்று நன்றாகவே போகும். நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு வந்த ஆகஸ்ட், செப்டம்பர். வெளிச்சம் திரும்பிவிட்டது, இன்னும் கொஞ்ச நாள்தான், ஆனால் அப்போதுதான் ‘என் கப்பை யார் எடுத்தது’ என்று இரண்டு பேர் பத்து நாள் பேசாமல் இருந்தார்கள். பாதி தாண்டிய பிறகு, மூன்றாவது கால் பங்கில்தான் மனம் தளரும் என்று இந்தத் துறையில் படித்தவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அப்பாவின் டயாலிசிஸைக் கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கோ முதல் வரியே அதுதான். டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு வருடம் என்பது ஒரே சீராகப் போகாது. டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துப் போட்ட ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளும், பொட்டாசியம் ஏறும், ஒரு நாள் தவறினால் நெஞ்சில் நீர் கோத்து மூச்சு வாங்கும், ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோ தேட வேண்டும். நடுவில் ஒன்றிரண்டு முறையாவது அட்மிஷன் இருக்கும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் மைத்ரியில் இருந்தால் வர முடியாது. லீவு கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்று சொல்லவில்லை, கொடுத்தாலும் ஏறிவர எதுவும் இல்லை.

எங்கள் சமையல்காரருக்கு ஜூலையில் அவர் அம்மா இறந்த செய்தி வந்தது. சுடுகாட்டில் யாரோ ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், இவர் இங்கே ரிசீவரைக் காதில் வைத்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை, லைன் இரண்டு முறை அறுந்தது, இரண்டு முறையும் திரும்பப் போட்டுக் கொடுத்தோம். முடிந்த பிறகு என் அறைக்கு வந்து, ‘டாக்டர் சாப், உங்களிடம் ரேஸர் இருக்குமே’ என்றார். அறுவை சிகிச்சைக்கு வைத்திருந்த ரேஸரால் அவருக்கு நான்தான் மொட்டை அடித்துவிட்டேன். காது ஓரத்தில் ஒரு இடத்தில் கீறிவிட்டேன், அதற்கு அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

இப்போது வாட்ஸ்அப் எல்லாம் போகிறது. நல்லதுதான், ஆனால் அப்பாவுக்கு மூச்சு வாங்குவதை வீடியோவில் பார்த்துக்கொண்டு பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றுவது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். உங்கள் கை உங்கள் பேச்சைக் கேட்காது, உங்கள் வேலையிலோ கை தவறக் கூடாது.

சம்மரிலும் நினைத்த நாளில் திரும்ப முடியாதுதான், விமானம் குறைவு, வானிலை பார்த்துத்தான் கிளம்பும். ஆனால் நாலு மாதத்துக்கு ஒரு மாற்று ஏற்பாடு செய்ய முடியும். அதைச் சும்மா வாயால் பேசி முடிக்காதீர்கள், செய்து பாருங்கள். அடுத்த மாதம் முழுக்க நீங்கள் ஊரில் இல்லாதது போல் வீடு நடக்கட்டும். அப்பாவை மச்சானோ தம்பியோ தெரிந்த ஆட்டோக்காரரோ கூட்டிப் போகட்டும். காப்பீட்டு அட்டை எங்கே, எந்த நர்ஸிடம் பேச வேண்டும், மாத்திரைச் சீட்டு யாரிடம் என்பதெல்லாம் மனைவிக்குத் தெரியட்டும். அவர் கையில் ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் இருக்கட்டும். நீங்கள் நடுவில் போய்ச் சரி செய்யக் கூடாது, எங்கே இடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள். ‘உங்க இஷ்டம்’ என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டிலும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்கள், நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். திரும்பி வந்து ஒரு வருடம் கழித்துத்தான் அது என்ன என்று தெரிந்தது. அந்த ஒரு மாதம் முடிந்ததும் அவரிடம் திரும்பக் கேளுங்கள்.

வேலை விஷயம். இது ஒப்பந்த வேலை, முடிந்தால் முடிந்தது, நிரந்தரம் ஆகும் என்ற நம்பிக்கையில் போகாதீர்கள். மாதச் சம்பளம் தனி, அங்கே இருக்கும் நாட்களுக்குப் படி தனி, தொகை அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள், அதை வைத்துக் கடன் கணக்கைப் போடுங்கள். இப்போதைய கம்பெனியிடம் சம்பளமில்லா விடுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ‘தாராளமாகப் போய் வாங்க டாக்டர்’ என்று வாயால் சொல்லி மாலை போட்டு அனுப்பினார்கள், வந்து பார்த்தால் என் அறையில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுத்தில் தர மாட்டேன் என்றாலும் நாலு மாதத்தில் திரும்பி வருகிற நல்ல மெக்கானிக்கை விடுவது கடினம், பதினாலு மாதம் என்றால் விட்டுவிடுவார்கள்.

ஆள் எடுப்பது கோவாவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம். அறிவிப்பு அவர்கள் இணையதளத்திலேயே வரும், விண்ணப்பமும் நேரடியாகத்தான். நடுவில் ஒரு ஏஜென்ட் வந்து ‘ஐம்பதாயிரம் கொடு, சீட் வாங்கித் தருகிறேன்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஐடிஐ சான்றிதழோடு, எத்தனை கேவிஏ திறன் வரை எந்தெந்த ஜெனரேட்டர் செட்டில் கை வைத்திருக்கிறீர்கள் என்பதை உங்கள் கம்பெனி லெட்டர் பேடில் வாங்கி வையுங்கள். வெல்டிங்கும் பேனல் வயரிங்கும் கொஞ்சம் தெரியும் என்றால் மறக்காமல் எழுதுங்கள், ஒரே ஆள் இரண்டு வேலை பார்ப்பார் என்றால் அங்கே அவருக்குத் தனி மவுசு.

வின்டர் எங்கேயும் போய்விடாது, ஒவ்வொரு வருடமும் டீம் போகிறது, உங்களுக்கு வயது 32 தான். இப்போதைக்கு பல்லைக் காட்டிவிட்டு வாருங்கள், ஒரு மாதம் வீட்டை நடத்திப் பாருங்கள், எங்கே இடித்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.